நாலு கலர் மாமாவும் ரோஸ் நிற பீட்சாவும்

பீட்சாவைத் தின்னாமல், தொடாமல், மோந்துகூடப் பார்க்காமல், அச்சடித்த தாளில் இருந்த படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதைச் செய்து காட்டிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். இத்தாலிக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்வேன். அவர் பெயர் நாலு கலர் மாமா. சிவகாசியில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரச் சுவர் ஒன்று உண்டு. பீட்சா செய்யலாம் என்ற யோசனை அவருக்கு உதித்த நிமிஷத்தில் நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். எனக்கும் அதே நிமிஷத்தில்தான் உதித்தது. அன்றைக்கு ஆரம்பித்த வயிற்றெரிச்சல் ஐப்பசி வரைக்கும் அணையவில்லை.

மாமா ஒரு அச்சகத்தில் ஆப்செட் மிஷின் ஓட்டினார். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கலர் அடிக்கிற பழைய மிஷின். வண்ணப் படம் என்றால் அதே தாளை நாலு தடவை ஓட்ட வேண்டும். இன்று நீலம், அது காய்ந்ததும் நாளை சிவப்பு, அப்புறம் கறுப்பு, கடைசியில் மஞ்சள். பக்கத்து கம்பெனிகளில் நாலு கலரையும் ஒரே மூச்சில் அடிக்கிற மிஷின் வந்த பிறகும் மாமா அசையவில்லை. “அது அவசரத்துல பொறந்த மிஷினு. ஒண்ணு காயணும், அப்புறந்தான் இன்னொண்ணு” என்பார். மிஷினுக்கு இல்லாத பெயர் மிஷின்காரருக்கு வந்துவிட்டது.

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்கு லென்ஸ் இருக்கும். அச்சில் ஒரு கலர் மேல் இன்னொரு கலர் நகராமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அதை கம்பெனியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தால் தெரு பிழைத்திருக்கும். தோசையை லென்ஸில் பார்ப்பார். கருவாட்டை லென்ஸில் பார்ப்பார். என் அம்மா புதுச் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினால், “தங்கச்சி, சேலை நல்லாத்தான் இருக்கு. மஞ்சள் மட்டும் அஞ்சு பர்சென்ட் கூடிப்போச்சு” என்பார். அம்மா அந்தச் சேலையை மறுபடி தொடமாட்டாள். ஒரு தடவை விருதுநகர் பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார்.

“எழுத்து ஒரு மயிரிழை எடது பக்கம் நகண்டு கெடக்கு. நல்லதா ஒண்ணு கிழிங்க.”

“அண்ணாச்சி, இது ஒங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகை இல்ல. திருத்தங்கல்ல எறங்குற டிக்கெட்டு.”

மாமா திருத்தங்கல் வரைக்கும் அந்த டிக்கெட்டைக் கையில் பிடிக்காமல் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு போனார். இதை அத்தை, அதாவது அவர் மனைவி, சுவரில் சாய்ந்துகொண்டு சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பே இருக்காது. பதினெட்டு வருஷம் அவரோடு குடித்தனம் நடத்தியவள்.

அச்சில் வீணாகிற தாள்களை மாமா கட்டாக வீட்டுக்குக் கொண்டுவந்து தெருவுக்கெல்லாம் கொடுப்பார். எங்கள் தெருவின் அலமாரித் தட்டுகள் எல்லாவற்றிலும் அவை விரிந்து கிடக்கும். எங்கள் உப்பு ஜாடி இரண்டு மூக்கு உள்ள முருகன் மேல் உட்கார்ந்திருந்தது. மிளகாய்ப் பொடி டப்பாவுக்குக் கீழே நிறம் பாதி ஏறிய ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

ஆறேழு வருஷத்துக்கு முந்தைய ஒரு வைகாசி மாதம். கல்யாணக் கார்டு சீசன் முடிந்து அச்சகங்கள் மூச்சு வாங்குகிற நேரம். நான் அப்போது விருதுநகருக்கு பஸ்ஸில் போய்வந்து கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மாமா சுவர் வழியாக ஒரு கட்டுத் தாளை நீட்டினார். மேல் தாளில் வட்டமாக ஏதோ ஒரு பண்டத்தின் படம்.

“என்ன மாமா, ஊத்தப்பத்து மேல தோட்டம் போட்டிருக்கு?”

“பீட்சாவாம் மருமகளே. பெங்களூர்ல ஒரு கடைக்காரன் ஆர்டரு. நாலு நாளா இதையேதான் ஓட்டுதேன்.” தாளைத் தூக்கிப் பிடித்தார். லென்ஸை எடுத்தார். “இதுல என்ன இருக்கு? நாலு கலரு. இதை நம்ம அடுப்புல அடிக்க முடியாதா?”

சரியாக அந்த நிமிஷம்தான் என் தலைக்குள்ளும் அதே விளக்கு எரிந்தது. ஆனால் வாயைத் திறந்தது அவர். அதனால் இன்றுவரை தெருவில் எல்லோரும் நான் அவரைப் பார்த்துக் காப்பியடித்ததாகத்தான் சொல்கிறார்கள். இந்த இடத்தில் அச்சில் பதிவு செய்கிறேன். காப்பியடிக்கவில்லை.

எனக்கு பீட்சா எதற்கு என்றால், அப்பாவுக்காக. அப்பா நாரணாபுரத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். அவர் எதையும் இரண்டாம் தடவை கேட்டுச் சாப்பிட்டதில்லை. தட்டில் வைத்ததைச் சாப்பிடுவார். “நல்லாருக்கு” என்பார். கை கழுவுவார். இட்லிக்கும் அதே “நல்லாருக்கு”, ஆட்டுக்கறிக்கும் அதே “நல்லாருக்கு”. அம்மா கல்யாணமான புதிதில் முயன்று பார்த்துவிட்டு, “அந்த மனுசனுக்கு நாக்குல டேஸ்ட்டு நரம்பு இல்ல” என்று முடிவுகட்டி ஓய்ந்துவிட்டாள். நான் ஓயவில்லை. அப்பா வாயால் “இன்னொரு துண்டு” என்று கேட்க வைப்பது என்று எனக்குள் ஒரு சபதம். அதற்கு ஊரில் யாரும் செய்யாத பண்டம் வேண்டும். அது கைக்கு வந்துவிட்டது.

மாமா கொடுத்த கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து அடுப்படியில் ஒட்டினேன். என் வகுப்பில் சென்னைக்குப் போய்வந்த ஒரே பெண்ணிடம் விசாரித்தேன். “அடியில ரொட்டி. அதுக்கு மேல சாஸ். அதுக்கு மேல சீஸ். அப்புறம் குடமிளகாய்” என்றாள். மீதிக்குப் படம் இருக்கிறதே. படத்தில் சாஸ் நல்ல ரோஸ் நிறம். எனவே பீட்ரூட்டை வேகவைத்து அரைத்தேன். சீஸ் வெள்ளை வெளேரென்று இருந்தது. எனவே பாலைத் திரித்துப் பிழிந்தேன். குடமிளகாய் நீல நிறம். அதுதான் எங்கும் கிடைக்கவில்லை. ஊதாக் கத்தரிக்காயை மெல்லிதாக வெட்டிச் சமாளித்தேன். நல்ல மார்க் வாங்கியதற்கு அப்பா வாங்கித் தந்த, கண்ணாடி மூடி போட்ட வட்ட ஓவன் இருந்தது. அதில் வைத்து எடுத்தேன்.

அம்மா ஒரு வாய் தின்றாள். “ஏட்டி, பொரியலைத் துணி மேல கொட்டின மாதிரி இருக்கு.”

அப்பா தின்றார். “நல்லாருக்கு.” கை கழுவினார்.

அத்தை மட்டும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டி ஒரு துண்டு வாங்கித் தின்றுவிட்டு, “இந்த ரோஸு கலரு கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு பாப்பா. இன்னும் ரெண்டு குடு” என்றாள். கொடுத்தேன். ஆனால் அத்தையின் பாராட்டை வைத்து நான் என்ன செய்வது? சண்டை நடப்பது அப்பாவின் நாக்குக்கு.

மாமா அவசரப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, திருநீறு பூசி, அடுப்படிக் கதவில் சாக்பீஸால் “ஓட்டம் நடக்கிறது” என்று எழுதிவிட்டுத்தான் மாவைத் தொட்டார். அவரிடம் ஓவன் கிடையாது. பெரிய இரும்பு வாணலியில் ஆற்று மணலைக் கொட்டிச் சூடாக்கி, அதன் மேல் தட்டை வைத்து மூடிவிடுவார். மொத்தம் நாலு ஓட்டம். முதல் ஓட்டம் ரொட்டி. அதை எடுத்து மின்விசிறிக்கு அடியில் காயப்போடுவார். இரண்டாம் ஓட்டம் சிவப்பு. தக்காளியில் விருதுநகர் மிளகாய் வத்தல் பொடியைப் போட்டு, படத்தில் இருக்கிற சிவப்பு வருகிற வரைக்கும் போட்டுக்கொண்டே இருந்தார். காரத்தைப் பற்றி யோசிக்கவில்லை, கலரைப் பற்றித்தான். அதையும் சூடாக்கிக் காயப்போடுவார். மூன்றாவது கறுப்பு. “கறுப்பு இல்லாம டெப்த்து வராது” என்று எள்ளை வறுத்துத் தூவினார். நாலாவது, முட்டை மஞ்சள் கரு கலந்த தயிர்க்கட்டி. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்த பீட்சா மத்தியானம் மூன்றரைக்கு வந்தது. பசியில் இருந்தவர்கள் அதற்குள் சோற்றைத் தின்றுவிட்டார்கள்.

ஆனால் நீலத்துக்கு வழியில்லை. அவர் கணக்கில் ஒரு கலர் பாக்கி. ஒரு நாள் அத்தை அடுப்படிக்குள் போனபோது மாமா வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாராம்.

“எதுக்குங்க அது?”

“ரெண்டே சொட்டு.”

“போட்டீகன்னா எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். ஒங்களையும் அதுலயே முக்கி வெயில்ல காயப்போட்டுட்டுப் போவேன்.”

இந்த நீலப் பிரச்சினையால் நாங்கள் இருவரும் ஒரே நாளில் மளிகைக் கடையில் சந்தித்துக்கொண்டோம். மாமா முன்னால் நின்றார்.

“அண்ணாச்சி, நீலமா என்ன இருக்கு?”

“சுவத்துக்கா, வேட்டிக்கா?”

“திங்கதுக்கு.”

கடைக்காரர் பதில் சொல்வதற்குள் நான் போய், “அண்ணாச்சி, நீலக் குடமிளகாய் வந்திருக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேரும் ஒரே டாக்டர்கிட்டதான் போறீகளா?”

மாமா என் பக்கம் திரும்பினார். “மருமகளே, நீ ஒட்டியிருக்க ஷீட்டுல சாஸு என்ன கலரு?”

“ரோஸு.”

“சீஸு?”

“வெள்ளை.”

ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் லென்ஸை எடுத்து வேட்டி நுனியில் துடைத்தார். திரும்பப் பையில் போட்டார். “சரி சரி. கத்தரிக்காயே போடு. அம்புட்டும் நல்லாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, கிலோ கணக்கில் பச்சை மிளகாய் வாங்கிக்கொண்டு போனார். நீலமும் மஞ்சளும் சேர்ந்தால்தான் பச்சை. நேராகப் பச்சையையே வைத்துவிட்டால் நீலத்துக்கு வேலையில்லை என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிட்டாராம். அவர் வாயெடுத்ததையும் மூடியதையும் நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

ஆனியில் நான் நுங்கு பீட்சா செய்தேன். வெள்ளையாக இருக்கிறதே என்ற நப்பாசை. அது ஓவனுக்குள் தண்ணீர் விட்டு நீந்தியது. அப்பா கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டு, “நல்லாருக்கு” என்றார். மாமா அதே ஞாயிற்றுக்கிழமை கல்யாணக் கார்டு பீட்சா போட்டார். நீள்சதுரம். நாலு ஓரத்திலும் மாங்காய்த் துண்டில் பார்டர், நடுவில் முந்திரிப்பருப்பில் குத்துவிளக்கு. தெருவே வந்து பார்த்தது. எனக்கு அன்றைக்கு ஜுரம் வந்தது. அம்மா வெயிலால் என்றாள். வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆடியில் காற்று. எங்கள் ஊரில் ஆடிக்காற்றோடு காலண்டர் சீசனும் வந்துவிடும். அச்சகங்களில் வருகிற வருஷம் ஆறு மாதத்துக்கு முன்பே ஓட ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் என் சிநேகிதி மதுரைக்குப் போய்வந்தபோது எனக்காக ஒரு சீஸ் கட்டி வாங்கி வந்தாள். ஊரிலேயே முதல் சீஸ். மாமாவிடம் இல்லாதது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால் மஞ்சளாக இருந்தது.

அடுப்படித் தாளைப் பார்த்தேன். வெள்ளை. கையில் இருப்பதைப் பார்த்தேன். மஞ்சள். கெட்டுப்போயிருக்கிறது என்பதில் கெமிஸ்ட்ரி மாணவிக்குச் சந்தேகம் வருமா? முகர்ந்தேன். அந்த வாடையும் அதையே சொன்னது. சுவர் வழியாக அத்தையிடம் கொடுத்து, “பூனைக்குப் போடுங்க அத்தை. தின்னாத் தின்னுது” என்றேன். மறுபடியும் பாலைத் திரித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா காலண்டர் பீட்சாவை வெளியிட்டார். வேறு சொல் இல்லை, வெளியீடுதான். பன்னிரண்டு சதுரம், மாதத்துக்கு ஒன்று. தையில் சர்க்கரைப் பொங்கல். பங்குனியில் முருங்கைக்காய். சித்திரையில் மாங்காயும் வேப்பம்பூவும். ஆடியில் எதுவுமே இல்லை. “ஆடியில காத்துதான்” என்றார். ஐப்பசிக்கு தீபாவளி என்பதால் கறிவறுவல், அதன் மேல் இழை இழையாக உருகி நிற்கிற ஒரு மஞ்சள் சமாச்சாரம்.

அப்பா சுவர் ஓரமாக நின்று ஐப்பசியை வாங்கித் தின்றார். நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். “நல்லாருக்கு” என்றார். கை கழுவப் போவார் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. விரலைச் சூப்பினார்.

“மச்சான், ஐப்பசி இன்னொண்ணு இருக்கா?”

என் காதில் சங்கு ஊதினதுபோல இருந்தது. பெற்ற மகள் மூன்று மாதமாக ஓவனுக்கு முன்னால் வெந்துகொண்டிருக்கிறாள். அவரோ பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்ந்து ஐப்பசியை இரண்டாம் தடவை கேட்கிறார்.

“வருசத்துக்கு ஒரு ஐப்பசிதான் மச்சான். கார்த்திகை வேணா தாரேன்” என்று மாமா சிரித்துக்கொண்டே நீட்டினார். அதையும் தின்றார் என் அப்பா.

அன்று சாயங்காலம் அத்தையிடம், “மேல மஞ்சளா என்னத்தைப் போட்டிருந்தாக மாமா?” என்று எதார்த்தமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“நீதான குடுத்த பாப்பா. பூனைக்குன்னு. பூனை முன்னாடி வச்சேன். இவுக வந்து லென்ஸை வச்சுப் பாத்துட்டு, ‘மஞ்சள் முப்பது பர்சென்ட், சரியா இருக்கே’ன்னு புடுங்கிட்டுப் போயிட்டாக. பூனை ரெண்டு நாளா இவுக மொகத்துலயே முழிக்கல.”

அதாவது, என் அப்பாவை இரண்டாம் தடவை கேட்க வைத்தது என் சீஸ். மடியில் வைத்து நான் கொண்டுவந்த சீஸ். அந்த வாரம் நான் மாமாவோடு பேசவில்லை. சுவர்ப் பக்கம் துணி காயப்போடுவதையும் நிறுத்தினேன். என்ன கோபம் என்று அவர் கேட்கவும் இல்லை. அதனால் இன்னும் ஒரு வாரம் நீட்டினேன்.

ஆவணி, புரட்டாசியில் நான் உளவு பார்த்தேன். பட்டாசு சீசன் உச்சத்தில் இருந்தது. வேலையும் லோடும் என்று அப்பா வீட்டில் இருக்கிற நேரமே குறைவு. அதனால் பரீட்சைக்குப் படிப்பதுபோல் மொட்டை மாடியில் உட்கார்ந்து மாமாவின் அடுப்படியை நோட்டமிட எனக்கு நிறைய நேரம் கிடைத்தது. என் பீட்சா ஏன் சொதசொதவென்று இருக்கிறது, அவருடையது ஏன் முறுகுகிறது என்பது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பிடிபட்டது. அந்த மின்விசிறி. ஒன்று காயாமல் அவர் அடுத்ததை ஏற்றுவதில்லை. அச்சகத்தில் செய்வதைத்தான் அடுப்படியிலும் செய்தார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டி மூடிக்கொண்டிருந்தேன். அவசரத்தில் பிறந்த மிஷின் நான்தான்.

திருடினேன். முதல் ரொட்டியைத் தனியாகச் சுட்டுக் காயவைத்தேன். பீட்ரூட்டில் வத்தலும் போட்டு வதக்கி, ஈரம் போகக் காயவைத்தேன். எள்ளை மட்டும் தொடவில்லை. திருட்டிலும் ஒரு மரியாதை வேண்டுமே.

தீபாவளி முடிந்தது. பட்டாசு கம்பெனிகளுக்கு விடுமுறை. அப்பா வருஷத்தில் ஒரே தடவை வீட்டில் கால் நீட்டி உட்காருகிற நாட்கள். மழை பிடித்துக்கொண்டது. இதுதான் என் நாள் என்று காலையிலிருந்து ஒவ்வொரு ஓட்டமாக முடித்து, சாயங்காலம் ஆறரைக்குக் கடைசி ஓட்டத்துக்கு ஓவனில் வைத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கரண்ட் போனது.

இருட்டில் ஓவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அழுதேனா என்று அம்மாவிடம் கேட்காதீர்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவின் குரல். “மருமகளே, ஒன் ஓவன் செத்துப்போச்சா?”

ஓவன் மூடியைத் திறந்து பார்த்தேன்.

“கொண்டா இங்கன.”

அவர் அடுப்படி வாசலில் நின்று இருட்டில் தட்டை நீட்டினேன். அவர் வாணலியில் அவருடைய பீட்சா மூன்றாவது ஓட்டத்தில் இருந்தது. ஓட்டத்தை நடுவில் நிறுத்தினால் எல்லாம் நகர்ந்துவிடும் என்பார். தம்பி கல்யாணத்துக்கே ஓட்டத்தை நிறுத்தாமல், தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தவர். அந்த மனிதர் துணியை மடித்துப் பிடித்துத் தன் தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, என் தட்டைச் சுடு மணலில் இறக்கினார். அத்தை அவரை ஒரு மாதிரி பார்த்தாள். நானும்.

இரண்டும் வெந்து முடிந்ததும் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார். ஒரே ஒரு மெழுகுவத்தி. சுற்றி ஐந்து பேர். மாமா ஸ்கேலை வைத்து இரண்டையும் ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டி, தன் வீட்டுப் பித்தளைத் தாம்பாளத்தில் அடுக்கினார். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் ரோஸும் சிவப்பும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.

அப்பா கைக்கு வந்த ஒன்றை எடுத்தார். மென்றார். “நல்லாருக்கு” என்றார். அப்புறம், ஓரத்தில் ஒரு விரல் அளவு மட்டும் மிச்சம் இருந்த துண்டைப் பார்த்துக்கொண்டே, “இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?” என்றார்.

மாமா அப்பாவின் கையிலிருந்து அந்த மிச்சத்தை வாங்கினார். மெழுகுவத்தி பக்கத்தில் கொண்டுபோனார். லென்ஸை எடுத்துப் பிரித்து வைத்து, ஒரு கண்ணை மூடி, நிதானமாகப் பார்த்தார்.

“ரோஸு. மருமகளோடது.”

மிச்சத்தை அப்பாவின் தட்டில் வைத்துவிட்டு, தாம்பாளத்தில் தேடி அதே மாதிரி ஒன்றை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார். அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அதையும் தின்றார். அன்றைக்கு நான் தூங்கிய தூக்கத்தை அதற்கு முன்னும் பின்னும் தூங்கியதில்லை.

காலையில் கரண்ட் வந்திருந்தது. இருட்டில் கழுவாமல் போட்ட தட்டுகளைத் துலக்க உட்கார்ந்தேன். அப்பா எதிலும் ஓரத்தைத் தின்னமாட்டார். அவர் தட்டில் இரண்டு துண்டுகளின் ஓரமும் அப்படியே கிடந்தது. வெயிலில் பார்த்தேன். இரண்டிலும் நல்ல தக்காளிச் சிவப்பு. இரண்டிலும் எள். ரோஸ் நிறம் பேருக்குக்கூட இல்லை.

மாமா தப்பாகப் பார்த்திருப்பார் என்று நினைக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பஸ் டிக்கெட்டில் மயிரிழை நகர்ந்ததைக் கண்டுபிடிக்கிற கண் அது. அம்மா சேலையில் அஞ்சு பர்சென்ட் மஞ்சளைக் கண்டுபிடித்த கண். எள்ளைப் பார்க்க லென்ஸ்கூட வேண்டாம். அந்தத் தட்டை யாரும் பார்ப்பதற்கு முன்னால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தேன்.

தாம்பாளத்தைக் கொடுக்க அவர் அடுப்படிக்குள் அன்றுதான் முதல் தடவையாகப் போனேன். சுவரில் அதே பெங்களூர் பீட்சா படம். ஆனால் அதில் சாஸ் சிவப்பு. சீஸ் இளமஞ்சள். குடமிளகாய் பச்சை. மூலையில் மாமா கையெழுத்தில் “ஓ.கே.” என்று இருந்தது. மஞ்சள் ஏறி, ஓட்டம் முழுசாக முடிந்த தாள். என்னிடம் இருந்தது கடைசிக் கலரான மஞ்சள் ஏறுவதற்கு முன்னால் வீணான தாள். மஞ்சள் இல்லாவிட்டால் சிவப்பு ரோஸாகத் தெரியும், பச்சை நீலமாகத் தெரியும். சிவகாசியில் பிறந்த பெண்ணுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். பிள்ளையார் நீலமாக இருந்தால் தப்பு என்று எனக்குத் தெரியும். பிள்ளையாரை முன்பே பார்த்திருக்கிறேன். பீட்சாவை எங்கே பார்த்தேன்? எங்கள் வீட்டில் அப்போதும் பழைய கறுப்பு வெள்ளை டிவிதான்.

“ஒங்களுக்குத் தெரியும். அன்னைக்கு மளிகைக் கடையிலயே தெரியும். ஏன் மாமா சொல்லல?”

மாமா லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

“சொன்னா நீ சரியாச் செஞ்சிருவ. படிச்ச புள்ள. அப்புறம் என்னுதை யாரு திம்பா?” லென்ஸை மடக்கிப் பையில் போட்டுவிட்டு, “ஒங்க அத்தை ஒன் பீட்ரூட்டை ரெண்டு துண்டு, மூணு துண்டுன்னு கேட்டுத் திங்கா. கட்டிக்கிட்டு வந்து பதினெட்டு வருசம். நான் காலையிலருந்து அடிக்கறதை ஒரு துண்டு தின்னுட்டு, ‘வயிறு ரொம்பிருச்சு’ங்கா. எனக்கு எரியாதா?” என்றார்.

வெளியே அத்தை பூனையைத் திட்டுகிற சத்தம் கேட்டது. ஆறு மாதம் நான் எனக்கு மட்டும்தான் எரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமும் அதே அடுப்புதான் எரிந்திருக்கிறது. ராத்திரி லென்ஸில் என்ன தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. தாம்பாளத்தை வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது சென்னையில் வேலை பார்க்கிறேன். முதல் மாதமே அசல் பீட்சாவைக் கடையில் போய்த் தின்றேன். எள் இல்லை. நடுவில் காயவிட்ட மாதிரியும் தெரியவில்லை. அடுத்தடுத்து ஏற்றிவிட்டார்கள்.

எங்கள் ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறேன். இந்தத் தடவை நாலு ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மின்விசிறி, மஞ்சள் கடைசியில். ஒரு மூலையை மட்டும் மஞ்சள் ஏற்றாமல் அத்தைக்காக ரோஸாகவே விடப்போகிறேன். சாயங்காலம் வரைக்கும் இழுக்கமாட்டேன். பகல் பன்னிரண்டு மணிக்கு, முற்றத்து வெயிலில், அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் கொண்டுபோய் வைப்பேன். லென்ஸை எடுப்பார். ஒரு மயிரிழை நகர்ந்திருக்கிறது என்பார். சொல்லட்டும். எனக்காக இன்னொரு தடவை அவர் அந்தக் கண்ணைப் பொய் சொல்ல வைக்க வேண்டியிருக்கக் கூடாது.